பல மரம் கண்ட தச்சர்கள்

2020-ஆம் ஆண்டு சூன் திங்களில் தமிழ்நாட்டரசு ஓர் ஆணையை வெளியிட்டது. தமிழ்நாட்டு ஊர்ப்பெயர்களை ஆங்கிலத்தில் எழுதுங்கால், தமிழர் ஒலிக்கின்றவாறே எழுதுதல் வேண்டும் என்பது அவ்வாணையின் நோக்கம். அந்நோக்கத்தில் குறை காண்பார் எவருமிலர். ஆங்கிலன் வாயில் நுழையாத ழகரத்தை இரட்டை லகரமாக்கி, விழுப்புரத்தை ‘வில்லுப்புரம்’ என்று படிக்குமாறு எழுதிவைத்த எழுத்து இன்றும் பலகைகளில் நிற்கின்றது. இத்தகைய இழிவைத் துடைக்க முனைந்தது நன்றே.

ஆனால், அவ்வாணை திருத்தப் புகுந்த ஊர்கள் ஒன்றல்ல, பத்தல்ல, 1,018! விளைவு என்னாயிற்று? வேலூரை ‘வீலூர்’ என்று படிக்கத்தக்க எழுத்தில் எழுதியிருந்தமை கண்டு தமிழ்ப்பகைவர் நகைத்தனர், தமிழன்பர் தலைகுனிந்தனர். பத்து நாள்கள் கடப்பதற்குள், வல்லுநரைக் கலந்து பின்னர் வெளியிடுவதாகக் கூறி, அரசு அவ்வாணையைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. பிழையின்றி எழுதப்பெற்ற ஊர்களும் பிழையுற்ற ஊர்களோடு சேர்ந்து பழைய நிலைக்கே திரும்பின.

இதனோடு வேறொன்றை ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். ‘தமிழ்நாடு’ என்னும் பெயரை வேண்டி 1956-இல் சங்கரலிங்கனார் உண்ணாநோன்பிருந்து உயிர் ஈந்தார். 1969 சனவரி 14-இல் அப்பெயர் நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பின்னர் அதனை அசைப்பார் இலர். 1996-இல் ‘மெட்ராசு’ சென்னையாயிற்று, அதுவும் நிலைத்தது. ஒன்றைக் குறித்து உழைத்தவிடத்து ஒன்று கிடைத்தது. ஆயிரத்தை ஒருங்கே அள்ளியவிடத்து ஒன்றும் மிஞ்சவில்லை.

அரசிற்கு நேர்ந்த இவ்விழுக்கு, தனித்தமிழ் அன்பர் பலர்க்கும் அவரவர் வாழ்க்கையில் நேர்ந்துகொண்டே இருக்கின்றது.

திண்டிவனத்து இளைஞர் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். விழுப்புரத்தில் நடந்த தமிழ்க்கூட்டம் ஒன்றைக் கேட்டு இரவுப் பேருந்தில் ஊர் திரும்புகின்றார். உள்ளம் கொதிக்கின்றது. பேருந்து விக்கிரவாண்டியைக் கடப்பதற்குள் பத்து உறுதிகளை எடுத்துவிடுகின்றார். நாளை முதல் தம் பெயர் தமிழ்ப்பெயர், கையெழுத்துத் தமிழில், வாயில் ஓர் அயற்சொல்லும் எழுதல் கூடாது, வீட்டில் திருவள்ளுவர் ஆண்டே வழங்கும், தந்தையார் ஐந்திறம் பார்த்து நாள் குறித்தல் ஒழியும், தம்பி திருமணம் தமிழ்முறையில் நடக்கும், பிள்ளைகள் தமிழ்வழிப் பள்ளிக்கு மாறுவர், கடைப்பலகை மாறும், கீழான திரைப்படங்கள் இல்லை. இறுதியாக, ஊர்ப்பெயரே மாறும்! புளியைக் குறிக்கும் ‘திந்திரிணி’ என்னும் வடசொல்லின் வழிவந்ததே திண்டிவனம் என்பர். ஆதலால் இனி அது புளியங்காடே!

மறுநாட் காலை, பேருந்து நடத்துநரிடம் “புளியங்காட்டிற்கு ஒரு சீட்டு” என்கின்றார். நடத்துநர் விழிக்கின்றார், பின்னே நிற்பவர்கள் முணுமுணுக்கின்றனர். வீட்டில் தந்தையார் சினக்கின்றார். மனைவி வாய்மூடிச் சிரிக்கின்றாள். மூன்றாம் நாள் இரண்டு உறுதிகள் நழுவுகின்றன. எட்டாம் நாள், “டைம் ஆச்சு, லேட்டாயிடும்” என்று அவர் வாயே பழைய சொற்களைச் சொல்லிக்கொண்டு புறப்படுகின்றது. ஊரின் பெயரை மாற்றப் புகுந்தவர் தம் நாவில் நாள்தோறும் நாற்பது முறை எழும் இரண்டு சொற்களை மாற்றாமலே நின்றுவிட்டார்!

இவ்வாறு வீழ்வதற்குக் கரணியம் பற்றின்மையன்று, முறையின்மையே. பழக்கம் என்பது எண்ணாமல் நிகழ்வது. அதனை மாற்ற வேண்டின், அஃது எழும் நொடியில் உள்ளம் விழித்திருத்தல் வேண்டும். ஒரு வாயிலை ஒரு காவலன் காப்பான். பத்து வாயிலையும் அவனே காக்கவேண்டின், ஒன்றில் நிற்கும்போது ஒன்பது திறந்துகிடக்கும். மேலும், பத்து உறுதிகளையும் ஒரே கயிற்றில் கட்டியவர்க்கு ஒன்று அறுந்தால் பத்தும் அறுந்தனவாகவே தோன்றும். ‘இஃது இயலாது’ என்னும் சோர்வு அவரைப் பற்றிக்கொள்ளும்.

அச்சோர்வினும் பெரிய கேடு ஒன்றுண்டு. அடுத்த முறை அவர் வீட்டில் நல்லதொன்றைச் சொல்லும்போது, வீட்டார் மறுத்துரைக்கமாட்டார். எட்டு நாள் பொறுத்திருப்பர், அவ்வளவே. தனித்தமிழ் என்பது எட்டு நாள் காய்ச்சல் என்று எண்ணும் குடும்பம் ஒன்று கூடிவிட்டால், இயக்கத்திற்கு ஓராள் மட்டும் குறையவில்லை. ஒரு வீடே குறைந்துவிட்டது.

“மறைமலையடிகள் அனைத்தையும் ஒரே நாளில் மாற்றவில்லையா?” என்று வினவுவார் உளர். இல்லை என்பதே வரலாறு. 1916-இல் அடிகள் தனித்தமிழ் உறுதி மேற்கொண்டபோது அவர்க்கு அகவை நாற்பது. அதற்குமுன் பல்லாண்டுகள் தமிழிலேயே தோய்ந்து கிடந்தவர் அவர். சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் மட்டும் பதின்மூன்றாண்டுகள் தமிழ் கற்பித்தவர். 1902-இல் தொடங்கிய அவரது இதழ் ‘ஞானசாகரம்’ என்னும் பெயரிலேயே பதினான்காண்டுகள் நடந்தது. பின்னரே ‘அறிவுக்கடல்’ ஆயிற்று. அவர் கொண்ட உறுதி ஒன்றே: அயற்சொல் கலவாது எழுதுதலும் பேசுதலும். வேதாசலம் மறைமலையானதும், ‘சமரச சன்மார்க்க நிலையம்’ பொதுநிலைக் கழகமானதும் அவ்வோர் உறுதியின் கிளைகள். முன்னர் எழுதிய நூல்களின் வடசொற்களையும் அவர் ஒரே இரவில் களையவில்லை. அடுத்தடுத்த பதிப்புகளிலே களைந்தார்.

பாவாணரைப் பாருங்கள். சொற்பிறப்பியல் பேரகரமுதலிக்கென 1974-இல் அரசு இயக்ககம் அமைத்து அவரை இயக்குநராக்கியது. 1981-இல் அவர் மறைந்தார். முதற் பகுதி 1985-இல்தான் வெளிவந்தது. ஓரெழுத்தின்பின் ஓரெழுத்தாக அப்பணி நடந்து 2011-இல் நிறைவுற்றது. அனைத்தெழுத்தையும் ஒருங்கே தொடங்கியிருப்பின் ஓரெழுத்தும் முடிந்திராது.

மக்கள் நாவில் நிலைத்த சொற்களும் இவ்வழியே வந்தன. ‘நமசுகாரம்’ போய் வணக்கம் வந்தது. ‘அக்கிராசனர்’ போய்த் தலைவர் வந்தார். ‘உபந்நியாசம்’ சொற்பொழிவாயிற்று, ‘அபேட்சகர்’ வேட்பாளரானார், ‘காரியதரிசி’ செயலாளரானார், ‘விவாக சுபமுகூர்த்தப் பத்திரிகை’ திருமண அழைப்பிதழாயிற்று. இவை அனைத்தும் ஒரே ஆண்டில் வந்தனவல்ல. மேடையிலொன்று, தாளிகையிலொன்று, அழைப்பிதழிலொன்று என்று வந்தன. இன்று தனித்தமிழை எள்ளுவாரும் வணக்கம் சொல்லியே தம் எள்ளலைத் தொடங்குகின்றனர்!

எனவே, தொடங்குவார்க்கு முறையொன்று வேண்டும். பிறர் இசைவு வேண்டாதது முதலில். பலர் இசைவு வேண்டுவது இறுதியில். முதல் திங்களில், முன்னெழுத்தோடு கூடிய தமிழ்க் கையெழுத்து ஒன்றே போதும். அதனைத் தடுப்பார் யாருமிலர். அது கையோடு கலந்தபின், தொலைபேசியை எடுத்ததும் ‘அலோ’ என்பது நீங்கி ‘வணக்கம்’ எழட்டும். அதன்பின் ‘டைம்’ நேரமாகட்டும். இவ்வாறு ஒருவர் மாறி நின்றதை ஓராண்டு கண்ட வீட்டார், பிள்ளைக்குப் பெயரிடும்போது தாமே தமிழ்ப்பெயர் கேட்பர். திருமணமும் பள்ளியும் அதன் பின்னரே. ஊர்ப்பெயரோ, ஊரார் உள்ளம் மாறியபின் தானே மாறும்.

‘மொழி அழிந்துகொண்டிருக்கையில் இத்துணை மெதுவாகவா நடப்பது?’ என்னும் சினம் இயல்பானதே. பிள்ளைகளின் நாவினின்று தமிழ் நாள்தோறும் நழுவுகின்றது என்பதும் உண்மையே. ஆயினும், திங்களுக்கு ஒரு சொல் மாறினும் பத்தாண்டில் நூற்றிருபது சொற்கள். ஒரு குடும்பம் நாள்தோறும் திரும்பத் திரும்பச் சொல்லும் அயற்சொற்களுள் பெரும்பகுதி அதற்குள் அடங்கிவிடும். எட்டு நாளில் முடிந்த பத்து உறுதிகளோ, பத்தாண்டு கழித்தும் ஒரு சொல்லையும் தந்திரா. பொறுமை வேறு, சோம்பல் வேறு. ஒன்றைக்கூடத் தொடங்காதவன் ‘மெதுவாகச் செய்கின்றேன்’ என்று சொல்லிக்கொள்ள இங்கு இடமில்லை.

பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான் என்பது தமிழர் பழமொழி. அன்றைய தென்னார்க்காட்டின் தலைநகராகிய கடலூரிலிருந்து 1959-இல் பாவலரேறு ‘தென்மொழி’யைத் தொடங்கியபோது, திண்டிவனமும் விழுப்புரமும் அம்மாவட்டத்து ஊர்களே. அம்மண்ணின் இளைஞர்கள் காடு முழுதும் சுற்றிக் களைத்தது போதும். முன்னிற்கும் மரம் ஒன்று. கையில் உள்ள கோடரி ஒன்று. அவ்வொன்றை வீழ்த்திவிட்டு அடுத்ததை நோக்குக!