ஒரு நாள் விருந்தாளிகளா நாம்?

சொகுசுக் கப்பல்களின் காலம் நம் கடற்கரைக்கும் வந்துவிட்டது. 2022 ஜூன் மாதத்தில், தமிழக முதல்வர் கொடியசைத்து அனுப்பிவைக்க, ‘எம்ப்ரஸ்’ என்னும் கார்டிலியா நிறுவனக் கப்பல் சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்பட்டது. அதன் பயணத் திட்டத்தில் புதுச்சேரியும் இருந்தது. கப்பலில் சூதாட்டம் உண்டு என்று எதிர்ப்பு எழுந்ததால் புதுச்சேரி அன்று இடம் தரவில்லை. மூன்றாண்டுகள் கழித்து, 2025 ஜூலை 4ஆம் நாள், அது புதுச்சேரிக் கடலில் நங்கூரமிட்டது. பயணிகள் படகுகளில் கரையேறினர். ஊரைச் சுற்றிப் பார்த்தனர். அன்றே கப்பலுக்குத் திரும்பினர்.

சூதாட்டத்தையும் மதுவையும் பற்றி அப்போது நிறையப் பேசினார்கள். பேசவேண்டியதுதான். ஆனால் அதனினும் அடிப்படையான ஒரு கேள்வி கேட்கப்படவே இல்லை. காலையில் இறங்கி மாலையில் ஏறிவிடுகிற ஒருவருக்கும், அவர் காலடி வைத்த ஊருக்கும் என்ன உறவு? உணவும் உறக்கமும் கப்பலில். ஊரில் உள்ளது காட்சி மட்டும். புதுச்சேரியைக் கிழக்கும் மேற்குமாகப் பிரிக்கிறது ஒரு பெரிய வாய்க்கால். பிரெஞ்சுக்காரர் விட்டுச்சென்ற மஞ்சள் சுவர்களுள்ள கிழக்குப் பகுதியைச் சுற்றிவிட்டு, புதுச்சேரியைப் பார்த்துவிட்டேன் என்று சொல்வது எத்தனை எளிது! வாய்க்காலுக்கு மேற்கே வாழும் மக்கள் அந்தப் பார்வையில் எங்கே இருக்கிறார்கள்?

இத்தாலியின் வெனிஸ் நகரம் இந்நோயைப் பல்லாண்டு அனுபவித்தது. இறுதியில் 2021இல் பெருங்கப்பல்கள் நகரின் நடுவே நுழைவதற்குத் தடை வந்தது. 2024இல், தங்காமல் ஒரு நாள் மட்டும் வந்து போகிறவர்களிடம், குறிப்பிட்ட நாள்களில் ஐந்து யூரோ நுழைவுக் கட்டணம் வாங்கத் தொடங்கினார்கள். சொந்த ஊருக்கு வாயில் வைத்துக் கட்டணம் வாங்க வேண்டிய நிலை ஒரு நகரத்துக்கு வருவது பெருமையாகுமா?

இவையெல்லாம் செல்வர்களின் விவகாரம், ஆலை நகரமான இராஜபாளையத்திலும் ஆண்டாள் ஊரான ஸ்ரீவில்லிபுத்தூரிலும் வாழும் நமக்கு இதில் என்ன என்று சிலர் எண்ணலாம். நமக்குக் கப்பல் இல்லை; ஆனால் வேன் இருக்கிறது. விடியுமுன் புறப்படுகிறோம். தூத்துக்குடியில் பனிமய மாதா, அடுத்து மணப்பாட்டில் திருச்சிலுவை, பின்னர் உவரியில் அந்தோனியார், சூரியன் மறையுமுன் கன்னியாகுமரி, நள்ளிரவில் வீடு. இதற்குத் ‘திருப்பயணம்’ என்று பெயரும் சூட்டியிருக்கிறோம். ஒவ்வோர் ஆலயத்திலும் மெழுகுதிரி கொளுத்தும் நேரம். ஒவ்வொரு கடற்கரையிலும் படம் எடுக்கும் நேரம். ஓட்டுநர் ஒலிப்பான் அடித்ததும் செபம் பாதியில் நிற்கிறது. கப்பல் பயணியை விட நாம் எவ்வகையில் மேலானவர்கள்?

மணப்பாட்டையே எடுத்துக்கொள்வோம். 1542இல் புனித பிரான்சிஸ் சவேரியார் வந்த ஊர் அது. அவர் தங்கிச் செபித்ததாகப் போற்றப்படும் குகை இன்றும் கடலோரத்தில் இருக்கிறது. மேலே மணற்குன்றின்மீது 1581இல் எழுந்த திருச்சிலுவைக் கோவில். கீழே கருமேனியாறு கடலோடு கலக்கிறது. பனையோலையால் பெட்டியும் கூடையும் முடைவதில் அவ்வூர்ப் பெண்களுக்குத் தனிக் கைத்திறன் உண்டு. இவற்றுக்கெல்லாம் நாம் ஒதுக்கும் நேரம் எவ்வளவு? குகைக்குள் குனிந்து நுழைகிறோம், நிமிர்ந்து வருகிறோம், வேன் நோக்கி நடக்கிறோம். தமக்குத் தெரியாத தமிழில் மன்றாட்டுகளைப் பிறர் துணையோடு பெயர்த்து, மனப்பாடம் செய்து, ஊர் ஊராக நடந்து சொல்லிக்கொடுத்தவர் அவர். அவர் தங்கிய இடத்தில் நம்மால் சிறிது நேரம் தங்க முடியவில்லை!

நாம் செல்வது பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை. அன்று கடலுக்குச் செல்லாதிருப்பது இக்கரையூர்கள் பலவற்றின் நெடுநாள் வழக்கம். கரையில் ஏற்றி வைத்த படகுகளை நாம் அழகுப் பொருளாகப் பார்க்கிறோம். அவற்றின்மேல் பிள்ளைகளை ஏற்றிப் படம் பிடிக்கிறோம். ஓய்வு நாளை உழைப்பின் விலையாகக் கொடுத்துக் காக்கும் ஒரு மக்களின் விசுவாசம் அங்கே நிற்கிறது என்பது நம் கண்ணில் படுவதில்லை. மறுநாள் அந்தப் படகுகள் எவ்வளவு தொலைவு செல்லும், என்ன கொண்டுவரும், கொண்டுவந்ததற்கு என்ன விலை கிடைக்கும் என்று கேட்டவர் நம்மில் எத்தனை பேர்?

அந்தக் கடற்கரைக்கு நாம் பட்ட கடன் சிறிதன்று. இந்திய மொழியொன்றில் அதன் சொந்த எழுத்தில் அச்சான முதல் நூல்களுள் இன்று நம் கைக்கு எஞ்சியிருப்பவற்றில் தொன்மையானது ‘தம்பிரான் வணக்கம்’. 1578இல் கொல்லத்தில் அச்சேறிய அச்சிறு நூலை உருவாக்கிய அண்டிரிக் அடிகளார் தமிழ் கற்றதும் தொண்டாற்றியதும் இந்த முத்துக்குளித்துறையில்தான். புன்னைக்காயல் அவர் வாழ்ந்த ஊர். நம் வேன் எத்தனை முறை புன்னைக்காயலுக்குத் திரும்பியிருக்கிறது? படமெடுக்க ஏற்ற உயர்ந்த குன்று அங்கே இல்லை; ஆகையால் அது நம் பட்டியலிலும் இல்லை.

ஒரு நாள் விருந்தாளி என்றால் என்ன என்பதை நம் ஊராரே நன்கு அறிவர். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு நாள்தோறும் எத்தனையோ ஊர்திகள் வருகின்றன. பதினொரு நிலைக் கோபுரத்தை அண்ணாந்து பார்க்கிறார்கள். அரசு முத்திரையில் உள்ளது இதுதான் என்கிறார்கள். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவாவை வாங்கிக்கொண்டு போகிறார்கள். அடுப்பின் அனலில் நின்று பாலைக் கிண்டுகிறவரின் முகம் அவர்களுக்குத் தெரியாது. இராஜபாளையம் என்றால் நாயும் மாம்பழமும் என்கிறார்கள். ஆலைச் சங்கொலிக்கு எழுந்து பழகிய தெருக்கள் அவர்களுக்குத் தெரியாது. ‘நம் ஊரை இவ்வளவுதானா என்று எடைபோட்டு விட்டார்களே’ என்று நமக்கு எழும் வருத்தம் மணப்பாட்டாருக்கும் உவரியாருக்கும் எழாதா?

இங்கே ஒரு மறுப்பு வரும். ஆலைத் தொழிலாளிக்கு வாரத்தில் ஒரு நாள்தான் விடுப்பு. வாடகை வேனுக்குக் கொடுத்த பணத்துக்கு நான்கு இடமாவது பார்க்கவேண்டாமா. ஏழையின் ஒரே ஒரு நாள் மகிழ்ச்சியையும் குறை கூறுவதா? நியாயமான கேள்வி. வீட்டிலிருந்து புளிச்சோறு கட்டிக்கொண்டு போகிற சிக்கனத்தை நாம் ஒருபோதும் பழிக்க மாட்டோம். ஒரு நாள் போதாது என்பதும் நம் வாதமன்று. அந்த ஒரே நாளை நான்காகக் கிழிப்பதைத்தான் எதிர்க்கிறோம். நான்கு ஊர்களில் அந்நியராய்த் திரிவதற்குச் செலவிடும் அதே பணத்தில், அதற்கும் குறைவான பணத்தில், ஓர் ஊரில் உறவினராய் ஒரு நாள் இருக்கலாமே!

அந்த உறவு நாம் புதிதாய்த் தேடவேண்டிய ஒன்றன்று. நம் மேற்கு மலையில் பெய்யும் மழைநீர் எங்கே போகிறது? வைப்பாற்றில் சேர்ந்து மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. அந்த ஆற்றின் பெயரையே தாங்கிய வைப்பாறும், அதற்கு வடக்கே உள்ள வேம்பாறும் பரதவரின் பழைய ஏழு கடற்றுறைகளைச் சேர்ந்தவை. நாம் ஓடையில் எறியும் நெகிழிக் குப்பை, வெள்ளம் வரும் நாளில் அவர்கள் வலையில் போய்ச் சிக்கும். ஆற்றின் தலைமாட்டில் நாம்; கால்மாட்டில் அவர்கள். ஒரே நீரைப் பங்கிட்டு வாழும் இரு மக்கள் ஒருவரையொருவர் சுற்றுலாப் பொருளாகப் பார்ப்பது தகுமா?

ஆகவே நம் பங்குகளுக்கும் அன்பியங்களுக்கும் ஒரு வேண்டுகோள் வைக்கிறோம். அடுத்த பயணத்துக்கு ஓர் ஊரை மட்டும் தேர்ந்துகொள்ளுங்கள். அவ்வூர்ப் பங்குத்தந்தைக்கு முன்கூட்டியே மடல் எழுதுங்கள். அவர்களுடைய ஞாயிறு திருப்பலியில், அவர்கள் பாடும் பாடலுக்குச் செவிகொடுத்து, அவர்களோடு அமர்ந்து பங்குகொள்ளுங்கள். ஊர் வரலாறு அறிந்த முதியவர் ஒருவரைப் பேசச் சொல்லிப் பிள்ளைகளைக் கேட்கவையுங்கள். ஓலைக் கூடையை முடைந்தவர் கையிலிருந்தே, பேரம் பேசாமல் வாங்குங்கள். உங்கள் குப்பையை உங்களோடு எடுத்து வாருங்கள். திரும்பும் முன் ஒரு குடும்பத்தையாவது நம் ஊர்த் திருவிழாவுக்கு அழைத்துவிட்டு வாருங்கள். விருந்து என்பது இருவழிப் பாதை. போகிறவர் அழைக்கவும் கடமைப்பட்டவர்.

எம்மாவு செல்லும் வழியில் உடன் நடந்தவர் அப்பால் போகிறவர் போலக் காட்டிக்கொண்டார். மாலையாகிவிட்டது, தங்கும் என்று சீடர்கள் வற்புறுத்தினார்கள். அவர் தங்கினார், அப்பத்தைப் பிட்கும்போது அவரைக் கண்டுகொண்டார்கள். வழிநெடுக உடன் நடந்தும் புலப்படாதவர், ஒரு வீட்டில் தங்கி உணவைப் பகிர்ந்தபோது புலப்பட்டார். கடற்கரையூர் ஒவ்வொன்றிலும் நம்மைத் தங்கச் சொல்லும் குரல் இருக்கிறது. ஒலிப்பானின் ஓசையில் அதை இன்னும் எத்தனை ஆண்டுகள் கேளாதவர்களாய் இருக்கப்போகிறோம்?