மாடு மேய்க்கத்தான் லாயக்கா? – குழுவில் வந்த ஒரு பட்டியலுக்கு என் பதில்



நீளமான பதிவு. பொறுமை உள்ளவர்கள் படியுங்கள். இல்லாதவர்கள் ஞாயிற்றுக்கிழமை படியுங்கள், ஆனால் படியுங்கள்.

போன வாரம் நம் குழுவில் ஒரு படம் வந்தது. 'உலகின் சிறந்த பத்து இறைச்சி மாட்டினங்கள்' என்று தலைப்பு. ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்தில் இருக்கும் என் மாணவன் ஒருவன் அனுப்பியிருந்தான். கீழே ஒரு வரி: "சார், இங்க உள்ள ஆங்கஸ் காளை பக்கத்துல நம்ம வருசநாட்டு மலைமாட்டை நிறுத்தினா கன்னுக்குட்டி மாதிரி இருக்கும். இதை வச்சு நம்ம ஆளுங்க என்னத்தக் கண்டாங்க?"

அதற்குக் கீழே என் தங்கை மகன் கொதித்தெழுந்துவிட்டான். "மாட்டை இறைச்சி என்று பேசுவதே பாவம். இந்தப் பேச்சைக் குழுவில் நிறுத்துங்கள்" என்று எழுதினான். நாற்பது பேர் கைகூப்பினார்கள், முப்பது பேர் சிரித்தார்கள். இரண்டு பேருக்கும் நான் மாமாவும் வாத்தியாரும் என்பதால் இரண்டு பேரையும் திருத்தும் உரிமை எனக்கு இருக்கிறது.

முதலில் ஆஸ்திரேலியாக்காரனுக்கு.

தம்பி, நீ அனுப்பிய பட்டியலில் பொய் இல்லை. ஆங்கஸ் ஸ்காட்லாந்து மாடு. கறுப்பு நிறம், கொம்பு கிடையாது, தசைக்குள்ளே கொழுப்பு இழையோடும், அதனால் விலை. ஹெரஃபோர்டு இங்கிலாந்து மாடு. சிவந்த உடம்பு, வெள்ளை முகம், சாதுவான குணம். சரோலே பிரான்சு நாட்டு வெள்ளை மாடு. முதிர்ந்த காளை ஆயிரம் கிலோவைத் தாண்டும். இவை எல்லாம் குளிர்நாட்டுப் புல்வெளியில், கொட்டிக் கொடுக்கும் தீவனத்தில் உருவானவை. அந்தக் காளையை ஏப்ரல் மாதம் கடமலைக்குண்டில் இறக்கி, பாறையில் ஏற்றி, காய்ந்த போதப்புல்லைத் தின்னச் சொல்லிப் பார். ஒரு வாரம் தாங்காது.

பட்டியலில் ஏழாவது இடத்தில் பிராமன் என்று ஒன்று இருந்ததே, அதன் படத்தை உற்றுப் பார்த்தாயா? திமில் இருக்கிறது, அலைதாடி தொங்குகிறது, காது மடிந்திருக்கிறது. எங்கேயோ பார்த்த முகமாக இல்லையா? அமெரிக்காக்காரன் நம் நாட்டு ஓங்கோல், கிர், குஜராத், கிருஷ்ணா பள்ளத்தாக்கு மாடுகளைக் கொண்டுபோய்ச் சேர்த்து உருவாக்கிய இனம் அது. 1924-இல் அதற்கென்று சங்கமே வைத்துவிட்டான். வெயில் தாங்கும், உண்ணிக்கு அசையாது, கிடைத்ததைத் தின்னும். நீ இருக்கும் குயின்ஸ்லாந்தில் டிரௌட்மாஸ்டர் என்று சிவப்பு மாடு இருக்குமே, அதன் உடம்பிலும் பிராமன் ரத்தம்தான். உலகத்திலேயே அதிகமாக மாட்டிறைச்சி ஏற்றுமதி செய்யும் பிரேசிலில் பெரும்பகுதி மந்தை 'நெல்லோர்' இனம். பெயரைப் பார், நம் ஆந்திரத்து நெல்லூர். ஓங்கோல் மாட்டைக் கப்பலேற்றிக் கொண்டுபோய் அந்தப் பெயரை வைத்தார்கள்.

ஆக, எடையைப் பார்த்து நீ இளக்காரம் செய்த திமில் மாட்டு ஜாதியைத்தான் உலகம் தேடி வந்து வாங்கிப் போனது. வாங்கியவன் கிலோவை மட்டும் பார்க்கவில்லை. எந்த மண்ணில், எந்த வெயிலில், எவ்வளவு செலவில் அந்தக் கிலோ வருகிறது என்று பார்த்தான்.

அதே கணக்கை நம் மலைமாட்டுக்குப் போடு. சின்ன உடம்பு, உறுதியான குளம்பு, பாறையில் ஆடு மாதிரி ஏறும். தீவனச் செலவு கிடையாது. பால் கன்றுக்கே சரியாக இருக்கும். பிறகு வருமானம் எது? முதலில் சாணம். வயலில் கிடை போட்டால் அதற்குக் கூலி, பட்டியில் சேர்ந்த எருவுக்கு விலை. அடுத்தது கன்று விற்பனை. மூன்றாவது, வயதான மாட்டை விற்பது. இந்த மூன்று காலில்தான் அந்தத் தொழில் நிற்கிறது. இங்கே மட்டுமல்ல, அந்தியூர் மலையில் செவலையும் வெள்ளையும் கலந்த பர்கூர் மாடும், மதுரை, சிவகங்கைப் பக்கம் கிடையில் வளரும் புலிக்குளம் மாடும் கிட்டத்தட்ட இதே கணக்குதான். சல்லிக்கட்டு வாடிவாசலில் நீங்கள் கைதட்டும் புலிக்குளம் காளை பெரும்பாலும் இப்படிப்பட்ட கிடையில் பிறந்ததுதான்.

இப்போது மருமகனுக்கு.

மாப்பிள்ளை, உன் பக்தியை நான் குறை சொல்லவில்லை. கம்பத்தில் நந்தகோபாலன் கோயில் தம்பிரான் மாட்டுத் தொழுவத்துக்கு மாட்டுப்பொங்கல் அன்று நானும் போய்ப் பட்டத்துக்காளையைக் கும்பிட்டு வருகிறவன்தான். என் தட்டில் மாட்டுக்கறி விழுந்ததும் இல்லை. ஆனால் என் தட்டு வேறு, மாட்டுக்காரன் பிழைப்பு வேறு.

ஒரு கிடையில் வருசத்துக்கு இருபது கன்று பிறந்தால் அதில் பாதி காளைக்கன்றாக இருக்கும். இனவிருத்திக்கு ஒன்றோ இரண்டோ போதும். டிராக்டர் வந்தபின் உழவுக்கு மாடு கேட்பார் இல்லை. சல்லிக்கட்டுக்கு ஒன்றிரண்டு போகும். மிச்சம் எங்கே போகிறது? கம்பத்திலிருந்து குமுளி ஏறும் லாரியைக் கேள், சொல்லும். 'அடிமாடு' என்ற சொல்லைச் சொல்லக் கூசுகிறோம். ஆனால் அந்தக் காசில்தான் மிச்ச மாடுகள் உயிரோடு இருக்கின்றன. விற்கவே கூடாது என்றால் மாட்டுக்காரன் என்ன செய்வான்? பசுவையே வளர்க்காமல் விட்டுவிடுவான். நாட்டு மாடு வெட்டுப்பட்டு அழிவதைவிட, வளர்ப்பார் இல்லாமல் அழிவதுதான் அதிகம்.

சட்டமும் உனக்குத் தெரிய வேண்டும். தமிழ்நாட்டில் 1958-ஆம் ஆண்டின் விலங்குகள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பத்து வயதைத் தாண்டி, உழைப்புக்கும் இனவிருத்திக்கும் உதவாது என்று சான்று பெற்ற மாட்டை அறுக்க அது இடம் தருகிறது. அரசியல் சாசனத்தின் 48-ஆம் பிரிவைப் பசுவதைக்காக எல்லோரும் மேற்கோள் காட்டுகிறீர்கள். கால்நடை இனங்களைக் காப்பாற்றி மேம்படுத்த வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. அந்தப் பாதியை யாரும் படிப்பதில்லை.

2017 ஜனவரியில் காளைக்காகத் தெருவில் நின்றோம். பெருமைதான், என் மாணவர்கள் பலர் நின்றீர்கள். அதே வருசம் மே மாதம், சந்தையில் இறைச்சிக்காக மாடு விற்கக் கூடாது என்று மத்திய அரசு விதி கொண்டுவந்தது. சில நாளிலேயே மதுரை உயர் நீதிமன்றக் கிளை அதை நிறுத்தி வைத்தது. அந்த நாட்களில் நம் குழுவில் ஒரு பதிவு வந்ததா? காளைக்கு நின்றவர்கள் காளையைப் பெற்ற பசுவை வளர்க்கிறவனுக்கு நிற்கவில்லை.

இன்னொரு கழுத்துப்பிடி மலையில் இருக்கிறது. 2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. நம் மலையும் அதற்குள்தான். 2022 மார்ச்சில், நம் மேகமலை மலைமாட்டை வைத்து வந்த வழக்கில்தான், காட்டுக்குள் மேய்ச்சலே கூடாது என்று உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. பிறகு அதைத் திருத்தி, தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகியவற்றுக்கு மட்டும் தடை என்றது. மற்ற ஊருக்கு அது நிம்மதி. நமக்கு? நம் காடே புலிகள் காப்பகம்!

வனத்துறை சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. வைகை பிறக்கும் காடு அது. காடு கெட்டால் மதுரைக்கே தண்ணீர் இல்லை. கோமாரி மாதிரி நோய் காட்டுமாட்டுக்குத் தொற்றலாம். வெளியூர் மாட்டை உள்ளூர்க்காரன் பெயரில் ஏற்றுகிறவர்களும் உண்டு. ஒத்துக்கொள்கிறேன். அதற்கு மருந்து எண்ணிக்கை, பருவம், எல்லை, தடுப்பூசி. பரம்பரையாக மேய்த்தவனை ஒட்டுமொத்தமாக வெளியே தள்ளுவது மருந்தாகாது. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் மேய்ச்சலையும் ஒரு சமூக உரிமையாக எழுதி வைத்திருக்கிறது. அந்த உரிமைக்கு மனு எழுதத் தெரியாதவன்தான் கிடைக்காரன். எழுதத் தெரிந்தவர்கள் நீங்கள்.

2019 கால்நடைக் கணக்கெடுப்பில், 2012-ஐவிட நாடு முழுக்க நாட்டு மாடுகள் 6 சதவீதம் குறைந்திருக்கின்றன. அயலினமும் கலப்பினமும் சுமார் 27 சதவீதம் கூடியிருக்கின்றன. தர்மபுரிப் பக்கத்து ஆலம்பாடி மாடு ஏறக்குறைய கதையாகிவிட்டது. அடுத்தது நம்முடையதாக இருக்க வேண்டுமா? குமணந்தொழு என்று ஊர்ப் பெயரிலேயே தொழுவத்தை வைத்திருக்கிறோம். தொழுவில் மாடு இல்லாமல் பெயர் மட்டும் மிஞ்சினால் அது ஊருக்கு அழகா?

கடைசியாக ஒன்று. சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

போன மாதம் ஒருவர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். ஐம்பது வயது இருக்கும். "சார், என்னைத் தெரியுதா?" என்றார். தெரியவில்லை. "எட்டாங்கிளாஸ்ல கணக்கு வராதப்போ, நீ மாடு மேய்க்கத்தான் லாயக்குன்னு சொன்னீங்க. முப்பத்தஞ்சு வருசம் மேய்ச்சேன் சார். நேத்து கடைசிப் பட்டியையும் வித்துட்டேன். மகன் திருப்பூர் போயிட்டான்" என்றார். கோபத்தில் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டே சொன்னார். எழுபது மாட்டையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர், எந்த மாடு எத்தனையாவது ஈத்து என்று மனப்பாடமாகச் சொல்கிறவர், எந்தச் சுனையில் எந்த மாதம் தண்ணீர் நிற்கும் என்று அறிந்தவர். அவருக்கா கணக்கு வராது? நான்தான் தப்பாகத் திருத்தியிருக்கிறேன்.

அந்த வசவை எத்தனை பிள்ளைகளிடம் சொன்னேனோ, எல்லோரிடமும் இங்கே மன்னிப்புக் கேட்கிறேன்.

உங்களிடம் நான் கேட்பது மூன்றுதான். தோட்டம் வைத்திருக்கும் உறவினர்கள், உர மூட்டை வாங்கும் முன் ஒரு வருசமாவது கிடை போட்டுப் பாருங்கள். வனத்துறையிலும் காவல்துறையிலும் கால்நடைத் துறையிலும் இருக்கும் என் மாணவர்கள், ஒரு கிடைக்காரர் உங்கள் மேசை முன் நின்றால் நாற்காலி போட்டு உட்காரச் சொல்லி, சட்டம் என்ன சொல்கிறது என்று அவருக்கு விளக்குங்கள். மற்றவர்கள், "கோமாதா" என்றோ "கன்னுக்குட்டி சைஸ்" என்றோ ஒரு பதிவை முன்னே தள்ளும் முன், அந்த மாட்டை யார் மேய்க்கிறான், அவன் எதை விற்றுச் சாப்பிடுகிறான் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள்.

மறுப்பு இருந்தால் எழுதுங்கள். கைகூப்பும் படம் மட்டும் போடாதீர்கள், நான் மதிப்பெண் தரமாட்டேன்.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்,
வருசநாடு.