5,500 படிகளும் என் முழங்கால்களும்



சிவனொளிபாதமலையை அறியாதார் நம்மில் இலர். ஆதாம் மலை என்று பெரியோர் சொன்னதும் அதுவே. உயரம் 2,243 மீற்றர். நல்லதண்ணி வழியே ஏறத்தாழ 5,500 படிகள். டிசெம்பர் மாதப் பௌர்ணமி முதல் மே மாதப் பௌர்ணமி வரை பல சமயத்தாரும் இரவிரவாக ஏறிச் சென்று கதிரவன் உதயத்தைக் காண்பர்.

24 வயதில் நண்பர்களோடு ஓடியே ஏறினேன். 61 வயதில் மகன் குடும்பத்துடன் சென்றபோதோ, ஜப்பானியரின் சமாதானத் தூபியைக் கடந்த சிறிது தூரத்திலேயே தொடைகள் நடுங்கின. தேநீர்க்கடை வாங்கில் அமர்ந்தவனால் மேலே செல்ல இயலவில்லை. என்னைத் தனியே விட மனமின்றி மகனும் திரும்பினான். உச்சியைக் காணாத எட்டு வயதுப் பேத்தி வழி முழுவதும் அழுதாள். கால் வலி நான்கு நாளில் தீர்ந்தது, அவ்வழுகை தீரவில்லை.

"மலை எங்கும் போகாது. நீங்கள்தாம் நாற்காலியை விட்டு எழவேண்டும்" என்றாள் என் மனைவி.

அவள் கூற்றில் உடலியல் உண்மை உளது. முப்பது வயதுக்குப் பின் பத்தாண்டுக்கு ஒருமுறை நூற்றுக்கு 3 முதல் 8 பங்கு தசை குறைகிறது. அறுபதுக்குப் பின் இன்னும் விரைவாகக் குறையும். ஆயினும் இழந்த வலிமையை மீட்கலாம். அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில், தொண்ணூறு வயதை ஒட்டிய முதியோருக்கு எட்டு வாரம் பளுப்பயிற்சி அளித்தபோது அவர்களின் தொடைவலிமை பெரிதும் கூடியதென 1990இல் வெளியான ஆய்வு காட்டிற்று. நானோ அவர்களுக்கு இளைஞன்!

முதலில் மருத்துவரிடம் சென்று இரத்த அழுத்தம், சர்க்கரை, இதய மின்வரைவு ஆகியவற்றைப் பார்த்துக்கொண்டேன். இதனை ஒருவரும் தவிர்க்கலாகாது. பின்னர் நாள்தோறும் இருபது நிமிட நடை. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது என்பதே வேகத்தின் அளவு. வாரம் இருமுறை, கைகளை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து அமர்தல். சுவரைப் பற்றிக் குதிகாலை உயர்த்துதல்.

எங்கள் பங்கு ஆலயத்துக்கு 62 படிகள். மலைக்குச் சமமாக அவற்றை 89 முறை ஏறவேண்டும் எனக் கணக்கிட்டு மலைத்தேன். நான்கு முறையில் தொடங்கி, பத்தாம் மாதத்தில் முதுகுப்பையுடன் முப்பது முறை வரை வந்தேன். அதற்கு மேல் இயலவில்லை. கோவிற்பிள்ளை முதலில் சிரித்தார். பிறகு எண்ணிக்கை வைத்துக்கொண்டார்.

ஏறுவதைவிட இறங்குவதே கால்களைச் சோதிக்கும். இறங்கும்போது தொடையின் முன்தசை நீண்டுகொண்டே உடற்பாரத்தைத் தாங்குகிறது. மறுநாள் வலி அதனால்தான். பலமுறை மெல்ல இறங்கிப் பழகினால் தசை அதற்கு இணங்கிவிடும். ஆகவே ஏறுவதற்குச் சமமாக இறங்குதலையும் பயின்றேன். ஐந்தாம் மாதம் பேராசையால் ஓய்வுநாளைக் கைவிட, கெண்டைக்கால் பிடித்து மூன்று வாரம் வீணாயிற்று. சோற்றைச் சற்றுக் குறைத்து, பயறும் மீனும் முட்டையும் கூட்டினேன். அயலார் பரிந்துரைத்த எண்ணெய்களைப் பற்றிச் சொல்ல ஏதுமில்லை. வாசனை நன்றாகவே இருந்தது.

மறு ஆண்டு ஜனவரியில், இளைஞர் நள்ளிரவுக்குப் பின் புறப்படும் மலைக்கு, நாங்கள் இரவு ஒன்பதரைக்கே புறப்பட்டோம். கையில் இரு ஊன்றுகோல்கள்; உச்சியின் குளிருக்குக் கம்பளிச் சட்டை. பழைய தேநீர்க்கடை வாங்கில் வேண்டுமென்றே ஐந்து நிமிடம் அமர்ந்தேன். பேத்தி என் கையை விடவில்லை. அதிகாலை நான்கரைக்கு உச்சியை அடைந்தோம்.

அங்கே ஒரு மணி உண்டு. எத்தனை முறை மலையேறினோமோ அத்தனை முறை ஒலிப்பது வழக்கம். பேத்தி ஒருமுறை ஒலித்தாள். 38 ஆண்டுகளுக்குப் பின் நான் இரண்டாம் முறை ஒலித்தேன்.

மறுநாள் ஆலயப் படிகளில் பக்கவாட்டாகத்தான் இறங்கினேன். கோவிற்பிள்ளை எண்ணவில்லை.