கமலை வால் தைத்தவர் பெயர் என்ன?



கொஞ்சம் நீளமான பதிவு. சிலருக்குக் கோபம் வரும். முழுக்கப் படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

போன வாரம் டெக்சாஸில் இருக்கும் என் பழைய மாணவன் ஒருவன் ஒரு படம் போட்டிருந்தான். கையால் செய்த குதிரைச் சேணம். தோலில் பூவும் கொடியும் அத்தனை அழகாகச் செதுக்கியிருக்கிறார்கள். விலை பல ஆயிரம் டாலராம். கீழே அவன் எழுதியிருந்தது இது: "நம்ம கோவில்பட்டிப் பக்கமும் இப்படித் தோல் வேலை இருந்துச்சு. அடுத்த தலைமுறைக்குச் சொல்லிக்கொடுக்காம அவங்களே அழிச்சிட்டாங்க."

நிறைய லைக். என் தம்பி மகளும் ஒரு இதயம் போட்டிருக்கிறாள்.

தம்பி, உன் மேல் எனக்கு வருத்தமில்லை. ஒன்பதாம் வகுப்பில் உனக்குச் சமூக அறிவியல் நடத்தியவன் நான். இதைச் சொல்லிக்கொடுக்காதது என் தப்பு. இப்போது சொல்கிறேன்.

நம் கரிசலில் பெரும்பாலும் மானாவாரி. கிணறு வைத்திருந்தவன்தான் தோட்டக்காரன். அந்தக் கிணற்றில் தண்ணீர் இறைத்தது கமலை. மாடுகள் சரிவில் இறங்க, வடம் கூனையை மேலே தூக்கும். கூனையின் அடியில் நீளமாக ஒரு தோல் வால். கூனை ஏறும்வரை வால்கயிறு அதன் நுனியை மடக்கிப் பிடித்திருக்கும். மேலே வந்ததும் நுனி தொட்டியில் சாயும், தண்ணீர் கொட்டும். அந்த வாலில் ஒரு தையல் விட்டாலும் பாதித் தண்ணீர் கிணற்றுக்கே திரும்பிவிடும். தோல் விறைத்தால் மடங்காது, ஊறித் தொளதொளத்தால் கிழியும். தோலைச் சுண்ணாம்பில் ஊறவைத்து மயிர் நீக்கி, ஆவாரம்பட்டைத் தண்ணீரில் நாள்கணக்கில் போட்டுப் பதப்படுத்தி, வார் பிடித்து, குத்தூசியால் துளையிட்டுத் தைக்க வேண்டும். கிணற்றடியில் உட்கார்ந்து பார்த்தவன் நான். சேணம் செய்பவரின் கைக்கு அந்தக் கை எள்ளளவும் குறைந்ததில்லை.

மாட்டின் கழுத்துப்பட்டை, சலங்கைப்பட்டை, சாட்டைவார், உடைமுள் ஏறாத செருப்பு எல்லாம் அதே கையில் பிறந்தவை. அந்தக் கைக்கு நாம் என்ன கொடுத்தோம்?

அருந்ததியர் குடும்பம் அவர்களுடையது. எங்கள் ஊரில் பொருளுக்கு விலை கிடையாது. வருஷம் முழுக்கத் தைத்துக் கொடுக்க வேண்டும். அறுப்பு முடிந்ததும் களத்து ஓரத்தில் நின்றால் கம்போ சோளமோ அளந்து போடுவார்கள். விளையாத வருஷம் அதுவும் இல்லை. இந்தக் களத்துப் பங்குக்கு அந்தக் காலத்தில் 'சுதந்திரம்' என்று பெயர். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. செத்த மாட்டையும் அவர்தான் தூக்கிப்போக வேண்டும். அதற்குத் தோல்தான் கூலி. எங்கள் எல்லோர் காலுக்கும் செருப்புத் தைத்தவர், அதே செருப்பைப் போட்டுக்கொண்டு எங்கள் தெருவில் நடக்க முடியாது. இதைச் சொல்லும்போது சொந்தங்களில் சிலர் முகம் சுளிப்பீர்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள், இல்லையென்று சொல்லட்டும்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு அப்போது ஏழு வயது. அவருக்கு அறுபது இருக்கும். "ஏலே, அப்பா வரச் சொன்னாரு, வா" என்று கூப்பிட்டேன். "இந்தா வந்துட்டேன் சாமி" என்று எழுந்து வந்தார். என்னை யாரும் கண்டிக்கவில்லை. அவருக்கு ஒரு பெயர் உண்டு என்றே எனக்குத் தோன்றவில்லை.

அந்தச் சேணத்தின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஓரத்தில் செய்தவர் தன் பெயரை முத்திரை குத்தியிருக்கிறார். டாலரைப் பார்த்த நம் கண்ணுக்கு அந்த முத்திரை படவில்லை.

இனி 'அவங்களே அழிச்சிட்டாங்க' என்பதற்கு வருகிறேன். எங்கள் தோட்டத்தில் 1969இல் மோட்டார் வைத்தார் என் அப்பா. மறுநாளே கமலை மூலைக்குப் போனது. பிறகு டிராக்டர் வந்தது, மாடு போனது. ரப்பர் செருப்பு வந்தது, தோல் செருப்பு போனது. நைலான் கயிறு வந்தது, வாரும் போனது. வாங்குவதை நிறுத்தியது நாம். செய்ததை நிறுத்தினார்கள் என்று அவர்கள் மேல் பழி.

சரி, பிள்ளைகளுக்கு ஏன் சொல்லிக்கொடுக்கவில்லை? 1953இல் ராஜாஜி பாதி நாள் பள்ளி, மீதி நேரம் பெற்றோரின் தொழில் என்று திட்டம் கொண்டுவந்தார். குலக்கல்வி என்று நாடே எதிர்த்தது. 1954இல் காமராசர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது. 2023இல் வந்த விஸ்வகர்மா திட்டத்திலும், குடும்பத் தொழிலாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை எடுங்கள் என்று 2024 நவம்பரில் நம் முதல்வர் கடிதம் எழுத வேண்டியிருந்தது. நாம் கணினி படிக்கப் போவோம், அவன் மட்டும் குத்தூசியோடு இருந்து நம் பாரம்பரியத்தைக் காப்பாற்ற வேண்டுமா? தோல் வேலை அவ்வளவு உயர்ந்தது என்றால் உன் பிள்ளையை அனுப்பு. தாராளமாகக் கற்றுக்கொள்ளட்டும்.

2025 ஜூனில் மிலான் நகரத்து மேடையில் பிராடா கம்பெனி கோலாப்பூர் செருப்பு போலவே ஒன்றைக் காட்டியது. எங்கள் செருப்பைத் திருடிவிட்டான் என்று இந்தியா முழுக்கக் கொதித்தது. நியாயம்தான். கோலாப்பூர் செருப்புக்கு 2019இலேயே புவிசார் குறியீடு உண்டு. நம் கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கும் 2020இல் கிடைத்தது, மகிழ்ச்சி. ஆனால் வெள்ளைக்காரன் பெயர் சொல்லாமல் எடுத்தால் திருட்டு என்கிற நாம், தலைமுறை தலைமுறையாகப் பெயர் சொல்லாமல் எடுத்ததை என்னவென்று சொல்வது?

இதை எழுதும் முன் அவருடைய பேரனுக்குப் போன் செய்தேன். அவனும் என் மாணவன்தான். 2009இல் வந்த 3 சதவீத உள் ஒதுக்கீட்டில் பொறியியல் படித்தவன். ஊர் பெயர் வேண்டாம், ஒரு பெரிய கம்பெனியில் இருக்கிறான். "தாத்தா பேர் என்னப்பா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு சொன்னான். எழுபது வயதைத் தாண்டி முதல்முறையாக அந்தப் பெயரைக் கேட்டேன். "பதிவுல போடட்டுமா?" என்றேன்.

"வேண்டாம் சார். ஆபீஸ்ல யாருக்கும் தெரியாது. பிள்ளைக ஸ்கூலுக்குப் போகுது சார்."

அதனால் பெயரை எழுதவில்லை. அமெரிக்காவில் சேணத்தின் மேல் குத்திக்கொள்ளும் பெயர், இங்கே பேரன் மறைத்து வைக்க வேண்டிய பெயர். தொழில் ஏன் அழிந்தது என்று இன்னும் யாராவது கேட்பீர்களா?

பூமணியின் 'பிறகு' நாவலைப் படியுங்கள். 1979இல் வந்தது, நம் பக்கத்துக்காரர் எழுதியது. அதில் தோல் வேலை செய்பவருக்கு அழகிரி என்று பெயர் இருக்கிறது. நாவலில் இருக்கும் பெயர் நம் வீட்டு நினைவில் இல்லை.

ஓய்வு பெற்றும் வீட்டுப்பாடம் கொடுக்கும் புத்தி போகவில்லை. உங்கள் வீட்டுக் கமலைக்கு வால் தைத்தவர் பெயரை வீட்டில் பெரியவர்களிடம் கேளுங்கள். கமெண்டில் போடாதீர்கள், மனதில் வைத்துக்கொள்ளுங்கள். யாருக்கும் தெரியவில்லை என்றால் அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை பஸ் ஸ்டாண்ட் ஓரத்தில் செருப்புத் தைக்கக் கொடுக்கும்போது "அண்ணாச்சி" என்று கூப்பிடுங்கள். கேட்ட காசைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.

டெக்சாஸ் தம்பி, நீ பதிவை நீக்க வேண்டாம். அந்தக் கடைசி வரியை மட்டும் திருத்து.