மையாகப் பூசும் மின்சாரம்

மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலுக்கு 2022ஆம் ஆண்டில் சூரிய மின்சாரம் வந்தது. அதைக் கண்ட நம் அங்கத்தினர் பலர், நெசவுக்கூடத்துக்கும் கழனிப் பம்புசெட்டுக்கும் அது மேலும் மலிவாக எப்போது கிட்டும் என வினவுகின்றனர்.

இன்றைய தகடுகளில் பெரும்பாலானவை சிலிக்கானால் ஆனவை. அதை உருக்க 1,400 பாகைக்கும் மேற்பட்ட வெப்பம் வேண்டும். அவ்வுலைச் செலவைத் தவிர்க்க விஞ்ஞானிகள் வேறு வழி கண்டனர். குறைகடத்திப் பொருளைக் கண்ணுக்குப் புலப்படாத நுண்படிகங்களாக்கித் திரவத்தில் மிதக்கவிட்டு, கண்ணாடியின்மேல் மைபோலப் பூசி உலர்த்துவதே அது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. படிகங்கள் ஒன்றோடொன்று ஒட்டாதிருக்க இடும் உறையே பின்னர் மின்னோட்டத்தைத் தடுக்கிறது. பாவுக்குக் கஞ்சி போடாமல் நெய்ய இயலாது. கஞ்சி நீங்காத துணியோ சாயம் ஏற்காது. நெசவாளர் அறிந்த அதே சங்கடந்தான். உறையை மாற்றும் வித்தையும் பிற திருத்தங்களும் கைகூடவே, 2005இல் அமெரிக்காவின் பெர்க்லியில் ஏறத்தாழ 3 சதவீதமாயிருந்த திறன், இன்று சோதனைச்சாலைகளில் 18 சதவீதத்தை எட்டியுள்ளது. இத்தகைய நுண்படிகங்களைக் கண்டறிந்தோர்க்கு 2023இல் நோபல் பரிசும் கிடைத்தது.

ஆயினும் இவற்றுள் திறன் மிக்கவை ஈயம் கலந்தவை. வேறு சில காட்மியம் கலந்தவை. இரண்டும் நஞ்சு. மலிவையே நோக்கினால் நேர்வதை நாம் கண்டிருக்கிறோம். திருப்பூர்ச் சாயக்கழிவு நொய்யலில் கலந்து, ஒரத்துப்பாளையம் அணையை அடுத்த விளைநிலங்கள் கெட்டன. 2011இல் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. துணித்தொழிலின் லாபம் உழவனின் நஷ்டமாயிற்று. இரு தொழிலாரும் ஒரே சங்கத்தில் அமர்ந்திருக்கும் நாம் அதை மறத்தல் ஆகாது.

இது தூரதேசத்து விஷயமுமன்று. பூச்சு முறையில் அன்றி, ஆவியாகப் படியவைக்கும் முறையில் காட்மியம் டெல்லூரைடு தகடுகள் செய்யும் ஆலை, ஸ்ரீபெரும்புதூரை அடுத்த பிள்ளைப்பாக்கத்தில் 2024 ஜனவரியில் திறக்கப்பட்டது.

ஆகவே நமது அபிப்பிராயம் இது. புதியது வரட்டும் எனக் காத்திராமல், இன்று கிடைக்கும் தகடுகளைச் சங்கத்தின் மூலம் கூட்டாக வாங்குவோம். நாளை பூச்சுத் தகடு சந்தைக்கு வருமாயின் மூன்று கேள்விகள் கேட்போம். நமது உப்புக்காற்றில் எத்தனை ஆண்டு உழைக்கும்? உடைந்தால் நஞ்சு கசியாதா? ஆயுள் முடிந்ததும் திரும்ப எடுத்துக்கொள்பவர் யார்? விடையை எழுத்தில் பெற்ற பின்னரே பணம் செலுத்துவோம். தனியொருவர் கேட்டால் வியாபாரி செவிசாய்ப்பது அரிது; ஒரு சங்கம் கேட்டால் பதில் சொல்லியே தீர வேண்டும்.