எலிக்கு அது வெறும் காகிதம்!



பரணில் இருக்கும் பழைய பெட்டியை ரொம்ப நாள் கழித்துத் திறந்தால், உள்ளே என்னவெல்லாம் இருக்கும்? ஒன்றாம் வகுப்பில் நீங்கள் வரைந்த படம், தாத்தா எழுதிய கடிதம், பாட்டி தைத்துத் தந்த துணி பொம்மை... இப்படி எத்தனையோ இருக்கும். சில வீடுகளில் மட்டும், அவற்றுக்குப் பதிலாக ஒரு கைப்பிடி காகிதத் தூளும், பஞ்சும், எலிப் புழுக்கையும்தான் இருக்கும்!

'பாழாய்ப்போன எலி தின்றுவிட்டது' என்று உடனே திட்டுவோம். ஆனால், எலி பெரும்பாலும் தின்பதற்காகக் காகிதத்தைக் கடிப்பதில்லை. குட்டி போடுவதற்கு முன், சுண்டெலி மெத்தென்று ஒரு கூடு கட்ட வேண்டும். அதற்காகத்தான் காகிதம், துணி, பஞ்சு எல்லாவற்றையும் பொடிப்பொடியாகக் கடித்துச் சேர்க்கிறது. அதோடு, அதன் முன்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். எதையாவது கடித்துத் தேய்த்தால்தான் பிழைக்க முடியும். அது தாத்தாவின் கையெழுத்து என்று எலிக்கு எப்படித் தெரியும்? எலிக்கு அது வெறும் காகிதம்!

உங்களுக்கு அப்படி இல்லையே! இதைப் பெரியவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். 'ஒரு பழைய தாளுக்கா இந்த அழுகை? புதுசு வாங்கித் தருகிறேன்' என்று குழந்தையை அதட்டுவது சரியில்லை. எந்தக் கடையிலும் கிடைக்காது என்பதால்தானே அந்தக் குழந்தை அழுகிறது!

விருதுநகர் மாவட்டம், சாத்தூர் பக்கம் அச்சங்குளம் என்றோர் ஊர் இருக்கிறது. 2021 பிப்ரவரி 12-ம் தேதி, அங்கே ஒரு பட்டாசு ஆலையில் நடந்த வெடி விபத்தில் 20க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். வேலைக்குப் போனவர்கள் வீடு திரும்பவில்லை. சிவகாசி, சாத்தூர் வட்டாரத்தில் இப்படி அம்மாவையோ அப்பாவையோ இழந்த பிள்ளைகள் பலர் உண்டு. அப்படி ஒரு வீட்டில், அம்மாவின் ஒரே ஒரு போட்டோவும், அவர் கட்டிய ஒரு சேலையும்தான் மிச்சம் என்றால், அவற்றுக்கு என்ன விலை சொல்வது? எலி அவற்றைக் கடித்துவிட்டால், அந்தப் பிள்ளைக்கு அம்மாவை இரண்டாம் முறை இழந்தது போலத்தானே இருக்கும்?

கோபம் வரும்தான். ஆனால் அந்தக் கோபத்தில், 'விஷம் வைத்து எல்லா எலியையும் தீர்த்துக்கட்டுவோம்' என்று கிளம்புவதில் எனக்குச் சம்மதம் இல்லை. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதையாகிவிடும்! 2024 நவம்பரில், சென்னையை அடுத்த குன்றத்தூர் பக்கம் ஒரு வீட்டில் எலித் தொல்லைக்காக மருந்து வைத்தார்கள். அதிலிருந்து வந்த நச்சுக்காற்றைச் சுவாசித்த சின்னஞ்சிறு குழந்தைகள் இருவர் இறந்துபோனார்கள். எவ்வளவு அருமையான பொருளாக இருந்தாலும், ஓர் உயிருக்கு ஈடாகுமா? எலி மருந்தை நீங்கள் தொடவே கூடாது. விஷம் தின்ற எலியைப் பிடித்துத் தின்னும் பூனைக்கும் ஆந்தைக்கும்கூட அது ஆபத்து. எலிகளைக் குறைக்கும் நம் நண்பர்களே அவைதான்!

லண்டன் மணியார்டர் அலுவலகத்தில் என்ன செய்தார்கள் தெரியுமா? அங்கே எலிகள் காகிதங்களைக் கடித்து நாசமாக்கியதால், 1868-ல் மூன்று பூனைகளை வேலைக்கு வைத்தார்கள். மூன்றுக்கும் சேர்த்து வாரத்துக்கு ஒரு ஷில்லிங் சம்பளம்!

நம் வீட்டில் பூனை இல்லாவிட்டாலும் பரவாயில்லை. சுண்டெலி கருவுற்ற மூன்றே வாரத்தில் குட்டி போட்டுவிடும். ஒரு தடவைக்கு ஐந்தாறு குட்டிகள். அதனால் ஒன்றை அடித்தால் இன்னொன்று வரும். பென்சில் நுழைகிற ஓட்டை இருந்தாலே, சின்னச் சுண்டெலி உள்ளே வந்துவிடும். ஆகவே முதலில் ஓட்டைகளை அடைக்கச் சொல்லுங்கள். இரவில் சாப்பாட்டுப் பாத்திரங்களை மூடி வையுங்கள். சிந்திய பருக்கைகளைக் கூட்டி எடுத்துவிடுங்கள். தீனி கிடைக்காத வீட்டில் எலிக்கு என்ன வேலை?

அடுத்தது, நம் பெட்டி. ஆள் நடமாட்டம் இல்லாத இடமாகப் பார்த்துத்தான் எலி கூடு கட்டும். நாம் வருஷக்கணக்கில் திறக்காத பெட்டியைவிட அதற்கு நல்ல வீடு எங்கே கிடைக்கும்? 'பத்திரமாக வைத்திருக்கிறேன்' என்று சொல்லி, கண்ணில் படாமல் மூலையில் போட்டுவைத்தால் பொருள் பத்திரமாக இருக்காது. அடிக்கடி எடுத்துப் பார்க்கிற பொருள்தான் பத்திரமாக இருக்கும்.

அட்டைப் பெட்டியும் பிளாஸ்டிக் பையும் எலிப் பல்லுக்கு முன் நிற்காது. இறுக்கமாக மூடும் தகரப் பெட்டியோ எவர்சில்வர் டப்பாவோதான் நல்லது. தின்பண்டம் எதையும் அதோடு வைக்காதீர்கள். போட்டோவுக்கும் கடிதத்துக்கும் இன்னொரு பிரதி எடுத்து, வேறோர் இடத்தில் வையுங்கள். போட்டோவின் பின்பக்கம் அதில் இருப்பவர்களின் பெயரையும் ஆண்டையும் பென்சிலால் மெதுவாக எழுதுங்கள். பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போதும், சரஸ்வதி பூஜையின்போதும் பெட்டியைத் திறந்து, எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள். ஏற்கெனவே எலி கடித்திருந்தால், வெறும் கையால் அள்ளாதீர்கள். எலியின் சிறுநீரால் எலிக்காய்ச்சல் பரவும். பெரியவர்களைக் கூப்பிடுங்கள்.

போன பொருள் போனதுதான். ஆனால் அதன் கதை, பாட்டியின் நினைவில் இன்னும் இருக்கும். கேட்டு, ஒரு நோட்டில் எழுதிவையுங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை, அப்பாவிடமோ அம்மாவிடமோ சொல்லி, பரண் பெட்டியைக் கீழே இறக்கச் சொல்வீர்களா குட்டீஸ்?