பட்டறையில் மின்கம்பி செல்லும் வழி

"தமிழ் பயிலும் மாணவனுக்கு மின்கம்பியோடு யாது தொடர்பு?" என நண்பர் சிலர் இத்தலைப்பைக் கண்டவுடன் நகைக்கக்கூடும். யாப்பும் அணியும் பயிலும் எனக்கு மின்னியல் நூற்பயிற்சி இல்லையென்பது உண்மையே. ஆயினும், எந்தை தச்சுத்தொழில் செய்பவர். எம் இல்லத்தின் பின்கட்டிலுள்ள பட்டறையே எனக்குச் சோறும் கல்வியும் அளித்து வருகின்றது. சென்ற கோடை விடுமுறையில் அப்பட்டறையை விரித்துப் புதுக்கியபோது, மின்கம்பியைச் சுவருக்குள் புதைப்பதா, சுவரின்மேல் குழாயிட்டுக் கொண்டுசெல்வதா என்னும் வினா எம் குடும்பத்தில் எழுந்தது. மூன்று நாள் நீடித்த அவ்வழக்கில் யான் கொண்ட கருத்தையும், அதற்குரிய காரணங்களையும் ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றேன்.

இந்நாளில் எழும் வீடுகளில் பெரும்பாலும் முன்னைய முறையே கையாளப்படுகின்றது. பூச்சு வேலைக்கு முன் செங்கற்சுவரைக் கொத்திக் காடியெடுத்து, அதனுள் பி.வி.சி. குழாயைப் பதித்து, மேலே பூசி மறைத்துவிடுவர். இதனைக் கன்சீல்டு வயரிங் என வழங்குவர். மற்றொன்று, குழாயைச் சுவரின்மீதே பிடிகளால் இறுக்கிச் செல்லும் முறை. நம் பாட்டனார் காலத்து இல்லங்களில் தேக்குமரச் சட்டங்களின்மேல் கம்பியைப் பொருத்திச் சென்றது இதன் மூத்த வடிவமாகும். புதைப்பது நாகரிகம், வெளியே விடுவது பழமை என்பது பலர் துணிபு. எந்தையும் அவ்வாறே எண்ணினார். "அண்டை வீட்டார் சுவரெல்லாம் வழவழப்பாய் விளங்க, நம் சுவரில் மட்டும் குழாய் ஓடுவதோ?" என்றார். உறையும் அறைக்கு அவர் கருத்துப் பொருந்தும். உழைக்கும் அறைக்குப் பொருந்தாது என்பதே என் வாதம்.

இவ்வாதம் ஏட்டிலிருந்து பிறந்ததன்று. நான்கு ஆண்டுகட்கு முன் ஒரு மாலைப்பொழுதில், என் சிற்றப்பா வட்டரம்பத்தில் பலகை அறுத்துக்கொண்டிருந்தார். ஈரம் உலராத பலகையில் ரம்பம் திணறிற்று. பொறி மிகுதியான மின்னோட்டத்தை இழுக்க, பியூஸ் கம்பி உருகிற்று. அக்கணமே விளக்கும் அணைந்தது. மின்சாரம் அற்றபின்னும் ரம்பம் சுழன்று ஓய்வதற்குச் சில நொடிகள் செல்லும். இருளில் பலகையைப் பற்ற நீண்ட அவர் இடக்கை, இரண்டு விரல்நுனிகளை இழந்தது. பின்னர் மின்பணியாளர் வந்து பார்த்தபோதுதான் காரணம் புலனாயிற்று. எப்போதோ ரம்பத்துக்கென்று சாக்கெட்டு அமைத்தவர், சுவருக்குள் சென்ற விளக்கின் கம்பியிலிருந்தே கிளை பிரித்துவிட்டிருந்தார். ஆண்டுக்கணக்காய் அவ்வறையில் உழைத்த எவரும் அதனை அறிந்திலர்; சுவர் அதனை மறைத்திருந்தது.

"பிழை செய்தது பணியாளர் கையன்றோ? சுவர் என் செய்யும்?" எனின், கூறுவேன். பிழை எம்முறையிலும் நேரும். கண்டுகொள்ளத்தக்க பிழையே திருத்தத்தக்க பிழை. விளக்கிலிருந்து சாக்கெட்டுக்கு ஒரு குழாய் சுவரின்மேல் இறங்கியிருந்தால், எழுத்தறியாதவரும் அவ்விரண்டும் ஓர் உறவின என்று உணர்ந்திருப்பர். சுவரின்மேற் செல்லும் குழாய், சீர்பிரித்து எழுதிய செய்யுள் போல்வது. எது எதனோடு சேர்கின்றது என்பதைக் கற்றார்க்கும் கல்லார்க்கும் அது தானே உரைக்கும்.

மற்றொரு காரணமும் உண்டு. வீட்டில் விளக்கும் விசிறியும் வைத்த இடத்திலேயே முதுமையடைவன. பட்டறையின் இயல்பு அத்தகையதன்று. இன்று துளைப்பொறி நிற்கும் மூலையில் நாளை இழைப்புப்பொறி வரும். நீண்ட பலகை அறுக்க வேண்டின் ரம்பத்தை வாயிலுக்கு நேரே திருப்ப நேரும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் சுவரைக் கொத்திப் பூச இயலுமோ? இயலாமையால், நீளக் கம்பி பூட்டிய பெட்டியொன்றைத் தரையில் இழுத்துப் போடுகின்றோம். மரத்தூளுக்குள் மறைந்தும், காலில் இடறியும், பலகையடியில் நசுங்கியும் கிடக்கும் அக்கம்பியே பட்டறையின் பெரும்பகை. மேற்செல்லும் குழாயாயின், மூடியைத் திறந்து, புதிய கம்பியை இழுத்து, ஒரு பகற்பொழுதில் புதிய சாக்கெட்டு அமைத்துவிடலாம்.

இன்னும், பட்டறைச் சுவர் வெறுமனே நிற்பதன்று. வாளும் உளியும் மாட்ட ஆணியடிப்போம். பலகை அடுக்கத் தாங்கிகள் பொருத்தத் துளையிடுவோம். புதைத்த கம்பி எவ்வழிச் செல்கின்றதென்பது, புதைத்தவர் சென்றபின் எவருக்கும் நினைவிராது. எம் வீட்டு முன்கூடத்திலேயே கடிகாரம் மாட்ட அடித்த ஆணி கம்பியின் மேலுறையைக் கிழித்ததுண்டு. நாளொன்றுக்கு ஓர் ஆணி அடிக்கும் பட்டறையில் அவ்விடர் எத்துணை மிகும் என்பதைச் சொல்ல வேண்டா.

எதிர்வாதத்திலும் உண்மை இல்லாமலில்லை. வெளியே நிற்கும் குழாய் பலகை முட்டி உடையும் என்பர், மெய்யே. அதற்கு மாற்று, குழாயைக் கைபடும் உயரத்திற் படுக்கவைத்துக் கொண்டுசெல்லாது, கூரையை ஒட்டிச் செலுத்தி, வேண்டுமிடத்தில் மட்டும் நேர்க்குத்தாய் இறக்குதலே. இறங்கும் பகுதிக்கு இரும்புக்குழாய் இட்டு, அதனை எர்த்துக் கம்பியோடு இணைத்தல் வேண்டும். குழாயின்மேல் தூசி படியும் என்பர், அதுவும் மெய்யே. துடைப்பமே அதற்கு மருந்து. அழகு குன்றும் என்பார்க்கு ஒன்று கூறுவேன்: நேர்கோட்டில் ஒழுங்காய் இறுக்கிய குழாய், நன்கு அடுக்கிய கருவிப்பலகையைப்போலத் தனக்கென ஓர் அழகுடையது.

குழாய் செல்லும் வழியை மட்டும் தேர்ந்தால் போதாது. அதனுள் செல்லும் கம்பியையும் பகுத்தறிந்து இடவேண்டும். முதலாவது, விளக்குக்கு ஒரு வழியும் பொறிகளுக்கு வேறு வழியும் பெட்டியிலிருந்தே பிரிந்து செல்லல் வேண்டும். பொறியின் வழி அறுந்தாலும் விளக்கு எரியவேண்டும் என்பது எம் குடும்பம் பெருவிலை கொடுத்துக் கற்ற பாடம்.

இரண்டாவது, கம்பியின் பருமன். மின்னோட்டம் இருமடங்கானால் கம்பியிற் பிறக்கும் வெப்பம் நான்மடங்காகும் என்னும் விதியை ஆங்கில நாட்டு ஜேம்ஸ் ஜூல் 1841-ஆம் ஆண்டில் வெளியிட்டார். ஆதலின் விளக்கின் மெல்லிய கம்பியில் பொறியை ஓட்டுதல் நெருப்பை விருந்துக்கழைப்பதாகும். நம் நாட்டு வழக்கில் விளக்குக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பியும், 16 ஆம்பியர் சாக்கெட்டுக்கு 2.5 சதுர மில்லிமீட்டரும், அதனினும் மிக்க பளுவுக்கு 4 சதுர மில்லிமீட்டரும் இடுவர். ஒரே குழாயில் பல கம்பிகளைத் திணித்தலும் தகாது. நெருங்கிய கம்பிகள் தம் வெப்பத்தை வெளிவிடமாட்டா.

மூன்றாவது, காவற்கருவிகள். ஒரு குதிரைத்திறன் என்பது 746 வாட்டு. 230 வோல்ட்டில் அத்தகைய மோட்டார், இழப்புக்களையும் சேர்த்து, ஆறு ஏழு ஆம்பியர் கொள்ளும். தொடங்கும் கணத்தில் அதனினும் ஐந்தாறு மடங்கு இழுக்கும். விளக்குக்கு ஏற்ற 'பி' வகை எம்.சி.பி. தன் அளவின் மூன்று முதல் ஐந்து மடங்கிலேயே உடனே விழுந்துவிடும். 'சி' வகை ஐந்து முதல் பத்து மடங்கில் விழும். ஆதலின் பொறிகளுக்குப் பின்னதே தக்கது. ஆயினும் எம்.சி.பி. காப்பது கம்பியையேயன்றி மனிதனையன்று. மனிதனைக் காக்க 30 மில்லியாம்பியர் கசிவிலேயே மின்னைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. வேண்டும். அவ்வளவு, ஒரு சிறிய 9 வாட்டு விளக்குக் கொள்ளும் மின்னோட்டத்தினும் குறைவு என்பதை எண்ணுங்கால், உயிர் எத்துணை மெல்லிய இழையில் தொங்குகின்றதென்பது விளங்கும்.

நான்காவது ஒன்றையும் மறத்தலாகாது. மின்வெட்டு நேர்ந்து மீண்டும் மின் வருங்கால், நிறுத்த மறந்த ரம்பம் தானே சுழலத் தொடங்கும். வயற்கிணற்று மோட்டாருக்கு இடும் ஸ்டார்ட்டரைப்போல, மின் அற்றவுடன் விழுந்து, கையால் அழுத்தினாலன்றி மீண்டும் இணையாத கருவியொன்றைப் பொறிக்கு முன் அமைத்தல் நன்று.

இவையனைத்தும் மாணவன் தன் கையாற் செய்யத்தக்கன அல்ல. உரிமம் பெற்ற பணியாளரிடமே விடத்தக்கன. ஆனால் எது வேண்டும் என்று தேர்வது வீட்டார் கடன். அறியாதவன் தேர்வு, பிறன் வசதியின் தேர்வாகவே முடியும். கல்லூரியிற் பயிலும் நம்மில் பலர், இல்லத்தார் இத்தகைய வினாக்களை எழுப்புங்கால், "அஃது எமக்குரியதன்று" என்று நூலுக்குள் முகம் புதைக்கின்றோம். நம்மைப் பயில்விக்கும் கைகளுக்கு நேரும் இடரை நாம் அறியாதிருத்தல் கல்விக்கு அழகன்று.

எந்தை இறுதியில் இசைந்தார். பெட்டி வாயிலருகே அமைந்தது. குழாய்கள் கூரையோரம் சென்று, பணிமேசைக்கு மேலே, தரையினின்று நான்கடி உயரத்தில் சாக்கெட்டுகளாய் இறங்கின. ஒவ்வொரு எம்.சி.பி.யின் கீழும் அது ஆளும் பொறியின் பெயரை யான் தமிழில் எழுதி ஒட்டினேன். தமிழ் மாணவன் செய்த தொண்டு அவ்வளவே. வேலை முடிந்த மாலையில் சிற்றப்பா வந்தார். ஒன்றும் பேசாது, 'ரம்பம்' என்றெழுதிய எம்.சி.பி.யைத் தம் கையாற் கீழே தள்ளினார். சுழன்ற ரம்பம் மெல்ல ஓய்ந்தது. விளக்கு எரிந்துகொண்டேயிருந்தது. அதனை நெடுநேரம் அண்ணாந்து நோக்கியவர், "இது முன்பே இருந்திருக்கலாம்" என்று மட்டும் கூறினார். அச்சொல்லை வேறொரு வீட்டில் வேறொருவர் கூறும் நிலை நேராதிருத்தல் வேண்டுமென்பதே இக்கட்டுரையின் நோக்கம்.